ஆளரவம் ஆகாத ஆசாமி

கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கா தீவில் இவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். முதுகில் ஆளுயரப் பை. ஈரம் தீண்டாத சட்டை, கொசு தீண்டாத காற்சட்டை, வெயில் தீண்டாத தொப்பி. மனிதக் கால் படாத காட்டைத் தேடி வந்திருக்கிறார். தம் கால் கணக்கில் சேராது என்பது அவர் எண்ணம்.

"டொமினிகன் குடியரசுதானே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. அது வேறு, இது வேறு. அங்கே வெள்ளை மணலும் ஓட்டல் வரிசையும், இங்கே கறுப்பு மணலும் எரிமலையும். மக்கள்தொகை சுமார் 70,000, கொடியில் சிசெரூ கிளி என்று பாடம் தொடங்கிவிடும். 1493-இல் இந்தத் தீவைக் கண்ட கொலம்பஸ், கப்பலை நிறுத்த வசதியான துறை கிடைக்காமல் இறங்காமலே போய்விட்டார். அதில் இவருக்கு மகா திருப்தி. கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்ததே!

தலைநகர் ரோஸோவில் சொகுசுக் கப்பல் வந்து நின்றால் முகம் கறுத்துவிடும். "டூரிஸ்ட்டுகள்!" என்று பல்லைக் கடிப்பார், பக்கத்தில் நிற்கும் டூரிஸ்ட்டிடம். பெரிய விமானங்கள் இறங்கப் புது விமான நிலையம் கட்டுகிறார்கள் என்றால் துடித்துப்போவார். அடுத்த மூச்சிலேயே, விமானம் மாறி விமானம் மாறி இடுப்பொடிய வந்த கதையைச் சொல்லிக் கண்கலங்குவார்.

மறுநாள் விடியலில் கொதிக்கும் ஏரிக்குப் புறப்பாடு. யுனெஸ்கோ 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது அது. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். வழிகாட்டிப் பையனுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் போதும். நம்மவருக்கு இரண்டு ஊன்றுகோல், இதயத்துடிப்பை எண்ணும் கடிகாரம். ஏற்றம் 'கன்னித்தீவு' படக்கதைத் தொடர்போல முடிவதாயில்லை.

"மழை எப்பப்பா விடும்?"

"மலைமேல வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும் சார். மழை விட்டா காடும் விட்டுப் போயிடுமே."

வழியில் கந்தகப் புகை கக்கும் பள்ளத்தாக்கு. அங்கே வெந்நீர் ஊற்றில் முட்டை அவித்துக் கொடுத்தான் பையன். அழுகிய முட்டையோ என்று முகர்ந்து பார்த்தார். நாற்றம் முட்டையுடையது அல்ல, பள்ளத்தாக்குடையது.

ஒருவழியாக ஏரி. சுமார் 60 மீட்டர் அகலத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆவி மூடியதில் எதுவும் தெரியவில்லை. கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் மட்டும் நன்றாகத் தெரிந்தார்கள். எல்லாரும் ஆளில்லாத இடம் தேடி வந்தவர்கள். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

செங்குத்து மலை, ஓயாத மழை, பெரிய விமானம் இறங்காத தரை: தீவைக் காப்பாற்றி வைத்திருப்பவை இவைதாம். தீவு கெடாமல் இருப்பது இவருக்கு உயிர். அதற்கான காரணங்களில் ஒன்றுகூட ஆகாது.

இந்த ஏரிக்கு ரோப் கார் அமைக்கிறார்கள் என்று ஏறும்போது பையன் சொன்னதும், "இயற்கைக்குச் செய்யும் துரோகம்!" என்று காடே அதிரக் கத்தினார். இறங்கும்போது பாதி வழியில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் இரண்டும் ஆடின.

"தம்பி, அந்த ரோப் கார்... வேலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?"