ஜப்பான் மாமனின் தீர்ப்பு

பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளைக்குப் போகிற வழியில் எந்தச் சாயாக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். வாதி அந்தப் பக்கத்துத் தமிழ்நாடு, பிரதிவாதி இந்தப் பக்கத்துக் கேரளம். அந்தப் பக்கம் பஸ் டிக்கெட் மலிவு என்பார் ஒருவர். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி மேல் என்பார் அடுத்தவர். அந்தப் பக்கத்து முருங்கைக்காய், இந்தப் பக்கத்து மரச்சீனி, அந்தப் பக்கத்து ரேஷன், இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று சாட்சிகள் வந்தபடி இருப்பார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு போயிற்று; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. கோடு போட்டவர்கள் அன்றைக்கே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாயாக்கடைக்காரர்கள் மட்டும் இன்னும் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்கள். வழக்கு முற்றி, இனி கிளாஸ் பறக்கும் என்கிற கட்டத்தில் மூலை பெஞ்சிலிருந்து ஒரு செருமல் கேட்கும். "ரெண்டும் கொள்ளாது மக்களே. சாமான்னா அது ஜப்பான்காரன் செய்யணும்." கடை அமைதியாகிவிடும். இவர்தான் ஜப்பான் மாமன். எல்லையோரத்தில் ஊருக்கு ஒருவராவது உண்டு.

மாமன் ஜப்பானைப் பார்த்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பார்த்தது மஸ்கட்டும் தம்மாமும் ஷார்ஜாவும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடாவுக்குப் போய்க் கொத்து வேலையோ கம்பி வேலையோ பார்த்து, நைலான் கயிறு வரிந்த அட்டைப்பெட்டிகளோடு திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கிய தலைமுறை அவருடையது. ஊர் அவர்களைப் பெர்சியாக்காரர் என்றது. பெட்டிக்குள் இருந்ததோ ஜப்பான். வெளிநாட்டுச் சாமானுக்கு நம் அரசாங்கம் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டிருந்த காலம். அந்தப் பெட்டிகளின் வாரிசுதான் இன்று மாமன் வீட்டு முன்னறையில் நிற்கும் ஷோகேஸ். மேல்தட்டில் ஒரு நேஷனல் பானாசோனிக் டூ இன் ஒன். கேசட் போடும் கதவின்மேல் கம்பெனி ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. ஓரங்கள் மட்டும் பழுத்துச் சுருண்டிருக்கின்றன. பின்பக்கம் 110, 220 என்ற இரண்டு எண்களுக்கு நடுவே நகரும் ஒரு சிறு பொத்தான். எந்த மருமகனாவது தட்டிவிடுவான் என்று அதன்மேல் செல்லோடேப். செல்லோடேப்பை எவனாவது உரிப்பான் என்று அதன்மேல் இன்னொரு செல்லோடேப். கீழ்த்தட்டில் யாஷிகா கேமரா, கால்குலேட்டர் வைத்த கேசியோ வாட்ச், சாவி கொடுத்தால் தாளம் தட்டும் குரங்கு. அந்தக் குரங்குக்குச் சாவி கொடுக்கும் அதிகாரம் வீட்டில் ஒருவருக்கே உண்டு. அவரும் அதைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்தான் பயன்படுத்துவார்.

இதெல்லாம் பவிசு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பவிசுக்காரனின் லட்சணம் வேறு. அவன் தன்னிடம் இருப்பதைப் புகழ்வான். அடுத்தவனிடம் இருந்தால் குறை சொல்வான். மாமனோ பக்கத்து வீட்டில் ஒரு சீக்கோ வாட்ச் இருந்தாலும் அதன் பெருமையை நாலு பேரிடம் தானே கொண்டுபோய்ச் சொல்வார். வளைகுடா போய்வந்த ஊர்களில் எல்லாம் இந்த ஜப்பான் பக்தி இருந்ததே, கீழக்கரையிலும் மலப்புரத்திலும் இல்லாததா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அங்கெல்லாம் அது புகழ்ச்சி, இங்கே தீர்ப்பு. தமிழ் பேசிக்கொண்டு கேரளத்து ரேஷன் கார்டு வைத்திருக்கிற மனிதர் எந்தப் பக்கத்தைப் புகழ்ந்தாலும் சந்தேகம் வரும். தமிழ்நாட்டைப் புகழ்ந்தால், 'பிறகு ஏன் இங்கே இருக்கிறீர்' என்பார்கள். கேரளத்தைப் புகழ்ந்தால், அந்தப் பக்கம் வடசேரியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் சாப்பாட்டின் ருசி குறையும். இரண்டு பக்கத்திலும் உறவுக்காரர் இருக்கிற வழக்குக்கு வெளியூர் நடுவர்தான் வேண்டும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஜப்பானுக்கு இந்தத் தாலுகாவில் சொந்தமும் கிடையாது, சொத்துத் தகராறும் கிடையாது.

நடுவரிடம் அளவுகோலும் இருக்கிறது என்பது மாமனின் அடுத்த வாதம். 1983-இல் கேசியோ வெளியிட்ட ஜி-ஷாக் வாட்சை உருவாக்கிய கிக்குவோ இபே வைத்துக்கொண்ட இலக்கு மூன்று பத்து: பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது, பத்து பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி பத்து ஆண்டு நிற்க வேண்டும். சாயாக்கடை வழக்கில் 'மேல்', 'மோசம்' என்ற இரண்டு அளவுகள்தான் உண்டு. இங்கே மீட்டரும் வருடமும் இருக்கின்றன. இதோடு விடமாட்டார். கல்யாணத் தரகர் ஒன்றுவிட்ட உறவைக் கண்டுபிடிப்பதுபோல உள்நாட்டுச் சாமானிலும் ஜப்பான் ரத்தத்தைத் தேடிப் பிடிப்பார். எச்.எம்.டி. வாட்ச் 1961-இல் பிறந்தது ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கைகொடுத்ததால். மாருதி கார் 1983-இல் வந்தது சுசூகியின் தயவில். டார்ச்சுக்குப் போடுகிற நிப்போ பேட்டரி ஆந்திரத்தில் செய்ததுதான். ஆனால் தொழில்நுட்பம் ஜப்பானின் மாட்சுஷிடா கம்பெனி கொடுத்தது. "அப்போ நாம வாங்கினதெல்லாம் பாதி ஜப்பான்தானே மாமா?" என்று யாராவது கேட்டால் முகம் மலர்ந்துவிடும். "ஓடுகிற பாதி அதுதாம் மக்களே."

சினிமாவிலும் இந்த நடுவர் தீர்ப்பு வழங்கியிருப்பதுதான் மாமனின் கையில் உள்ள பெரிய ஆதாரம். 1994-இல் பிரியதர்சன் மலையாளத்தில் எடுத்த 'தேன்மாவின் கொம்பத்து' படத்தின் கதைதான் மறு ஆண்டு ரஜினிகாந்த் நடித்து 'முத்து' ஆயிற்று. கதை எங்களுடையது என்பது இந்தப் பக்கத்து வாதம். கதை யாருடையதானாலும் தலைவர் எங்களுடையவர் என்பது அந்தப் பக்கத்து வாதம். 1998-இல் அதே 'முத்து' 'ஆடும் மகாராஜா' என்ற பொருள்படும் பெயரோடு டோக்கியோவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. ஜப்பான்காரன் மலையாளத்துக்கும் சீட்டு வாங்கவில்லை, தமிழுக்கும் வாங்கவில்லை. இரண்டும் தெரியாமல் சிரித்தான். இதைவிடப் பாரபட்சமற்ற தீர்ப்பு எந்தக் கோர்ட்டில் கிடைக்கும் என்று மாமன் கேட்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல்கள் பேசாமல் வடையைப் பிட்டுக்கொள்வார்கள்.

ஆனால் நடுவரின் பூர்வீகத்தைத் தோண்டுகிற இளவட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். ஜப்பான் சாமான் என்றாலே மட்டமான மலிவுச் சரக்கு என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஜப்பான் துணியின் வெள்ளத்தைத் தடுக்க 1933-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு 75 சதவிகிதம் வரி போட வேண்டியிருந்தது. போகட்டும், பிற்காலத்தில் அந்த நாடு செய்த வேடிக்கையைப் பாருங்கள் என்பார்கள். கென்ஜி கவாகாமி என்பவர் சிந்தோகு என்ற ஒரு கலையையே கண்டுபிடித்தார்: வெயிலில் மட்டும் எரியும் சூரியசக்தி டார்ச், சூடான நூடுல்ஸை ஆற்றக் குச்சியில் பொருத்திய குட்டி விசிறி, தவழும் குழந்தையே தரையைத் துடைக்கும்படி மாப்பு தைத்த சட்டை. அந்தக் கலைக்குப் பத்து விதிகள். பொருள் உண்மையாகவே இருக்க வேண்டும், ஏறத்தாழப் பயனில்லாமல் இருக்க வேண்டும், விற்கவே கூடாது என்பவை அவற்றில் சில. 2002-இல் டகாரா கம்பெனி நாய்க் குரைப்பை மொழிபெயர்க்கும் கருவியையே விற்பனைக்கு விட்டு, அறிவியல் கேலிப் பரிசான இக்நோபலையும் வாங்கிற்று. "மாமா, நம்ம களியக்காவிளைச் சந்தை நாய் கொரச்சா அந்த மிஷின் தமிழ்னு சொல்லுமா, மலையாளம்னு சொல்லுமா?" "சாளைத் தலை எந்தப் பக்கத்துலேருந்து விழுதோ, அந்தப் பாஷைலே."

கேலி நியாயமானதுதான். ஆனாலும் வழக்கு தோற்றுவிடவில்லை. பிறப்பிலேயே மேலானவன் நல்ல நடுவனாக மாட்டான். கெட்ட பெயர் எடுத்து, அதை உழைத்து மாற்றியவனுக்குத்தான் எது கெட்டது என்று தெரியும். சிந்தோகுவைப் பொறுத்தவரை, தன் புத்திசாலித்தனத்தைத் தானே கேலி செய்துகொள்ள ஒரு நாட்டுக்குத் தெம்பு வேண்டும். நம் சாயாக்கடை வழக்கில் இரு தரப்புக்கும் இல்லாத தெம்பு அது. போதாததற்கு, அந்த விதிகளைக் கவாகாமியைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர் மாமனே. அவர் ஷோகேஸில் உள்ள பொருள்கள் உண்மையாகவே இருக்கின்றன, எதற்கும் பயன்படுவதில்லை, எந்த விலைக்கும் கொடுக்கப்பட மாட்டா. கவாகாமி பயனில்லாத பொருளைப் பாடுபட்டு உருவாக்கினார். மாமன் பயனுள்ள பொருளை ஒரு பூட்டில் அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கடைசி ஆட்சேபம் வீட்டுக்குள்ளிருந்து வரும். பள்ளி விடுமுறையில் ஷோகேஸைத் துடைக்கிற பேத்தி டூ இன் ஒன்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பூப்பா, இதுலே மேட் இன் மலேசியான்னுல்லா போட்டிருக்கு?" என்பாள். உண்மைதான். நேஷனல் பானாசோனிக்கைச் செய்த மாட்சுஷிடா 1965-லேயே மலேசியாவில் கம்பெனி தொடங்கிவிட்டது. வளைகுடாக் கடைகளுக்கு வந்த ஜப்பான் சாமானில் பல ஜப்பானையே பார்த்திராதவை, மாமனைப் போல. மாமன் அசரமாட்டார். "செஞ்ச எடம் மலேசியா. மேல்நோட்டம் ஜப்பான்." சிரிக்கத் தோன்றும், ஆனால் இதை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது. ஒன்றின் பெயர் அது செய்யப்பட்ட இடத்தால்தான் அமையும் என்று ஒப்புக்கொண்டால், கேரளத்தில் பிறந்து, மலையாளத்தில் மனு எழுதி, தமிழில் கோபப்படுகிற அவர் தன்னையே எந்தத் தட்டில் எடுத்து வைப்பார்? எனவே தீர்ப்பு திருத்தப்படுவதில்லை. பேத்தியின் கையிலிருந்து டூ இன் ஒன்னை வாங்கி, செல்லோடேப் பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மலேசியா சுவர்ப் பக்கம் போகும்படி மறுபடியும் திருப்பி வைப்பார்.