கடைப்பலகைத் தொடர்களில் உம்மையும் உண்மையும்

சிறுகடை விளம்பரத் தொடர்கள் மூவகைப்படும்: மறுப்பன, மிரட்டுவன, மாவு பற்றியன. நான்காவது வகை உண்டென்பாரும் உளர். அவர்கள் கடைக்குப் போவதில்லை.

மறுப்பனவற்றுள் தலையாயது, 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.' கடையோ ஆறடிக்கு நாலடி டீக்கடை. கிளை இருக்குமென்று எவரும் ஐயுறவில்லை. ஆனால் மறுத்த மாத்திரத்தில், அடுத்த தெருவில் யாரோ இவர் பெயரைச் சொல்லிப் பிழைப்பதாக ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. ஐந்தே சொல். 'உம்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் தந்தார். 'எங்கும்' என்பது முற்றும்மை என்பது மரபு. சிறப்பும்மை என்பது என் துணிபு (காண்க: டீக்கடை பெஞ்சு, இடது ஓரம்). இரண்டாம் கடை வைக்கக் காசில்லாததைக் கொள்கையாக்கிய உம்மை அல்லவா அது!

மிரட்டுவன: 'கடன் அன்பை முறிக்கும்.' முறிந்தபின் எழுதப்படுவது. மேலே செல்வோம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சிலேட்டு தொங்கும்: 'இன்று அரைத்த மாவு.' எதிரே புதுக்கடையின் பிளெக்ஸ்: 'பாரம்பரியச் சுவையில் உயர்தர இட்லி தோசை மாவு.' பக்கத்தில் முதலாளி கைகூப்பிச் சிரிக்கிறார். பிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் காசு, சொல்லுக்குக் கூலியில்லை. ஆகவே அள்ளிப் போட்டிருக்கிறார்கள். மாவு வாங்க வருகிறவர் மனத்தில் இருப்பதோ ஒரே கேள்வி: புளிச்சிருக்குமோ? அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ் விடை சொல்கிறது.

'இன்று' எந்த நாள் என்பதில் அறிஞர் மாறுபடுவர். பெயிண்டில் எழுதிய 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்பதில் அந்த நாளை வந்ததே இல்லை (ஒப்பிடுக: பரோட்டா மாஸ்டர், வாய்மொழி, வீச்சுக்கும் கொத்துக்கும் இடைப்பட்ட வேளை, கொத்துச் சத்தத்தில் மூன்று சொற்கள் சிதைந்துள்ளன). சிலேட்டு அப்படியல்ல. ஈரத்துணியால் துடைத்து, தினமும் சாக்பீஸால் புதிதாக எழுதுகிறார் அந்த வீட்டு அக்கா. நேற்றைய 'இன்று' அடியில் மங்கலாகத் தெரிகிறது. அந்த மங்கலை நம்பித்தான் ஜனம் தூக்குப்பாத்திரத்தோடு நிற்கிறது (மேலும் காண்க: கடுகு ஐம்பது கிராம் மடித்த பொட்டலத் தாள், உட்பக்கம், எண்ணெய் பட்ட இடத்தில் பாடபேதம் உண்டு, மூலத்தைத் தாளித்துவிட்டார்கள்).

விளம்பரத்துக்குப் பழஞ்சான்றும் உண்டு. பட்டினப்பாலை காட்டும் புகாரில் வாதுக்கு அழைத்து ஆசிரியர்கள் ஏற்றிய கொடியும் பறந்தது, கள் விற்ற இடத்துக் கொடியும் பறந்தது. எதன் கீழ் கூட்டம் அதிகம் என்று அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் சொல்லவில்லை. நம் கருத்தரங்குகளில் காலி நாற்காலி எண்ணியவர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். போன கருத்தரங்கில் எனக்கு முன் பேசியவர் 'விளம்பரம்' என்ற சொல்லின் வேருக்கே நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். வேர் கிடைத்தபோது மதியச் சாப்பாடு தீர்ந்திருந்தது.

சிலேட்டைப் படியெடுத்துப் பதிப்பிக்க அந்த அக்காவிடம் முறைப்படி அனுமதி கேட்டேன்.

"அரைக் கிலோவா, ஒரு கிலோவா தம்பி? பின்னால ஆள் நிக்கிறாங்க."