சர்டிபிகேட் சார்

காலை ஏழு மணிக்குப் புதுக்கடை சந்திப்பில் சாயாக்கடை பெஞ்சின் ஓரத்தில் அவர் இருப்பார். பெயர் வேண்டாம், மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் இவருக்குக் கிளைகள் உண்டு. அரசு அலுவலகத்தில் கீழே வேலை பார்த்தவர்களைப் பற்றி ரகசியக் குறிப்பேடு எழுதி எழுதியே ஓய்வுபெற்றவர். பென்ஷன் வந்தபிறகும் அந்த வேலையை மட்டும் விடவில்லை. தேங்காய்ப்பட்டணம் பஸ்சிலிருந்து இறங்குகிற ஆள் ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் ஒரு ஆங்கிலச் சொல் தயாராக இருக்கும்.

“தே போறான் பாரும், ஓவர் கான்ஃபிடன்ஸ்.”

சாளை விற்கிற அம்மா விலை குறைக்கவில்லை என்றால் ‘அரகண்ட்’. மறுநாள் அதே அம்மா நாலு மீன் கூடுதலாகப் போட்டால் ‘டவுன் டு எர்த்’. மீன் கெட்டுப்போகிற வேகத்தைவிட இவர் சர்டிபிகேட் மாறுகிற வேகம் அதிகம்.

மனிதக் குணத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை சொல் இருக்கிறது என்று ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் அகராதியைப் புரட்டி எண்ணி, 1936இல் 17,953 என்று கணக்குக் கொடுத்தார்கள். சாருக்கு இருபது போதும். ‘ஈகோ’ ஒன்றிலேயே பாதி ஊர் அடங்கிவிடுகிறது. புதுச்சரக்கு வேண்டுமென்றால் கல்லூரியில் படிக்கிற பேத்தி கொண்டுவருவாள். 2018இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாக எடுத்த ‘டாக்சிக்’ அப்படித்தான் வந்து சேர்ந்தது. இப்போது பக்கத்து வீட்டுக்காரர் டாக்சிக், அவர் பலாமரம் டாக்சிக், மரத்திலிருந்து சாரின் ஓட்டில் விழுகிற சக்கை அதைவிட டாக்சிக்.

ஆங்கிலத்தில் சொல்வதில் ஒரு சௌகரியம் இருப்பதை மறுக்க முடியாது. அண்டைவீட்டுப் பெண்ணை ‘அடங்காப்பிடாரி’ என்று சொல்லிப்பாருங்கள், சாயங்காலத்துக்குள் துடைப்பக்கட்டை வரும். ‘வெரி டாமினேட்டிங்’ என்றால் அவளே சிரித்துக்கொண்டு போகிறாள். கஞ்சப்பிசினாறியை ‘கால்குலேட்டிவ்’ என்றபோது அவர் சாருக்குச் சாயா வாங்கிக்கொடுத்தார். நான் பார்த்தவரையில் அவர் வாங்கிக்கொடுத்த ஒரே சாயா அது.

சொந்த வீட்டுக்கு அகராதி வேறு. எதிர்வீட்டுப் பையன் பிடித்த பிடியை விடாவிட்டால் ‘அடமண்ட்’. மகன் செய்தால் ‘டிட்டர்மினேஷன்’. மருமகன் வாய் திறக்கவில்லை என்றால் ‘மெச்சூர்டு’. மருமகள் திறக்காவிட்டால் ‘ஆட்டிட்யூட் ப்ராப்ளம்’. ஒரே குணம் தனக்கு, முன்னால் நிற்பவனுக்கு, அங்கில்லாதவனுக்கு என்று ஆளுக்கு ஆள் எப்படிப் பெயர் மாறுகிறது என்பதைத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் பிபிசி வானொலியில் இலக்கண வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்காட்டினார். சாருக்கு ரஸ்ஸலைத் தெரியாது. வாய்ப்பாடு மனப்பாடம். தன்னைப் பற்றி அவர் சொல்வது ஒன்றுதான்: “நான் ரொம்ப ஃபிராங்க்.”

இத்தனைக்கும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டு, 1954 ஆகஸ்ட் 11 அன்று திருவிதாங்கூர்-கொச்சி போலீசின் துப்பாக்கிக்கு முன் நின்ற ஊர் இது. 1956 நவம்பர் 1இல் சேர்ந்தும் விட்டோம். அந்தத் தியாகிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் சார் எழுந்து நிற்பார். மரியாதையாகத்தான் சொல்வார்: “வெரி கமிட்டட் பீப்பிள்!”

சிக்கலெல்லாம் கல்யாண விசாரிப்பில்தான். வெளியூரிலிருந்து பெண்வீட்டார் வந்து, “பையன் ஆளு எப்பிடி சாரே?” என்று கேட்டார்கள்.

“நல்ல பையன். ஆனா கொஞ்சம் இன்ட்ரோவெர்ட்.”

வந்தவர்கள் முகம் வெளுத்துவிட்டது. கூட வந்த பெரியம்மா மெதுவாகக் கேட்டாள்: “மருந்து குடிச்சா சொகமாவுமா, இல்ல ஆப்ரேஷன் வேணுமா?”

சாருக்குத் தமிழில் சொல்ல வரவில்லை. ‘அதிகம் பேசமாட்டான்’ என்ற இரண்டு சொல்லைத் தேடுவதற்குள் கார் கருங்கல் ரோட்டில் திரும்பிவிட்டது. பையனின் அப்பா ஒரு வாரம் சாரைத் தேடினார். அந்த ஒரு வாரமும் சார் சாயாவை வீட்டிலேயே குடித்தார். எட்டாம் நாள் வந்து உட்கார்ந்து, பையனின் அப்பா ‘ஷார்ட் டெம்பர்’ என்று எங்களுக்குச் சொன்னார்.

ஆகவே புதுக்கடைப் பக்கம் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெஞ்சைத் தாண்டி நேரே பலசரக்குக் கடைக்குப் போங்கள். பற்று நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கடைக்காரர் “கொள்ளாம்” என்றால், தைரியமாகத் தேதி குறிக்கலாம்.