மடக்கு போன்காரன் மனு

அனுப்புநர்
ஒரு தையல்காரர்,
பஜார், சங்கரன்கோவில்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
எனக்குக் கணக்கு உள்ள வங்கி.
(பெயர் எழுதவில்லை. எழுதினால் மற்ற வங்கிகள் தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்படும்.)

பொருள்: மடக்கு போன் வைத்திருந்தும் உயிரோடு இருப்பது தொடர்பாக.

பார்வை: தங்கள் எஸ்எம்எஸ், 'எங்கள் செயலியைத் தரவிறக்குங்கள்'. நாள்: தினமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். கூடப் பிறந்தவர்கள்கூட என்னை இவ்வளவு விசாரிப்பதில்லை. காலையில் தனிநபர் கடன் தயார் என்கிறீர்கள். மத்தியானம் கிரெடிட் கார்டு தயார் என்கிறீர்கள். சாயங்காலம் தங்கத்தை அடகு வைக்க அன்போடு அழைக்கிறீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு லிங்க். அதைத் தொடச் சொல்கிறீர்கள். என் போனில் எதைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது ஐயா. அமுக்க வேண்டும்.

சென்ற மாதம் கேஒய்சி புதுப்பிக்க வந்தபோது தங்கள் கவுன்டரில் இருந்த தங்கை என் போனைப் பார்த்துவிட்டு, "செயலி இல்லையா? அப்ப கணக்கை எப்படிண்ணே பயன்படுத்துறீங்க?" என்று கேட்டார். "பாங்குக்கு வந்துதாம்மா" என்றேன். அவர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். வங்கிக்கு வந்து வங்கி வேலையைப் பார்ப்பது இவ்வளவு விசித்திரமான பழக்கம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

என் போன் பழம்பொருள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். 1996இல் வந்த மோட்டோரோலா ஸ்டார்டேக் இல்லை, 2004இல் கல்லூரிப் பிள்ளைகள் ஏங்கிக் கிடந்த ரேஸரும் இல்லை. கடையில் புதிதாக வாங்கிய 4ஜி போன். விலை ஐயாயிரத்துக்குள். விரித்தால் உள்ளே ஒரு திரை, மூடினால் வெளியே மணி காட்டவும் கூப்பிடுவது யார் என்று சொல்லவும் ஒரு குட்டித் திரை. பேட்டரியைக் கழற்றி மாட்டலாம். ஒருமுறை சார்ஜ் போட்டால் அப்புறம் சார்ஜரை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டிவரும், அத்தனை நாள் தாங்கும்.

தையல்காரனுக்கு இதைவிட வசதியான போன் கிடையாது. கட்டிங் டேபிளில் எந்நேரமும் சாக்குப்பீஸ் தூளும் நூல் பிசிறும். போன் மூடியிருந்தால் பட்டன்களில் தூசி ஏறாது. கையில் கத்தரி இருக்கும்போது கட்டைவிரலால் நெம்பித் திறந்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் மிஷினை மிதித்துக்கொண்டே பேசலாம். பட்டை தீட்டிய கண்ணாடி போன் அந்த இடத்தில் நிற்காது, வழுக்கிக்கொண்டு பாபின் பெட்டிக்குள் விழும். பேசி முடித்தால் சிவப்பு வட்டத்தைத் தேடத் தேவையில்லை. மூட வேண்டும், டப். பாக்கி வைத்திருப்பவர் "அடுத்த வாரம் பார்க்கலாண்ணே" என்று ஆரம்பிக்கும்போது அந்த 'டப்' தருகிற நிறைவை எந்தச் செயலியும் தராது. தரவிறக்கிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"டிசைன் அனுப்புறேண்ணே, வாட்ஸ்அப் நம்பர் சொல்லுங்க" என்று கேட்கும் பெண்களிடம், "அளவு ஜாக்கெட்டோட நேர்ல வாம்மா" என்பேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வருவார்கள். வந்தால் துணியிலேயே சாக்குப்பீஸால் கழுத்தை வரைந்து காட்டிவிடுவேன். இறக்கம் எவ்வளவு என்று அங்கேயே முடிவாகிவிடும். படத்தைப் பார்த்துத் தைத்துக் கொடுக்கும் கடைகளில் தீபாவளிக்கு முந்தின ராத்திரி நடக்கும் சண்டைகள் என் கடையில் நடப்பதில்லை. படத்தில் இருக்கும் ஜாக்கெட் படத்தில் இருக்கும் பெண்ணுக்குத்தானே தைத்தது?

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பக்கவாட்டில் அவசர அழைப்புக்கு ஒரு பொத்தான் உண்டு. சட்டைப்பைக்குள் போடும்போது அமுங்கி, புளியங்குடியில் இருக்கும் மச்சானுக்கு ஆபத்துச் செய்தி போய்விட்டது. அவர் பைக்கை முறுக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றபோது நான் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். வந்ததற்கு ஒரு பேன்ட்டை ஆல்டர் பண்ணி வாங்கிக்கொண்டு போனார். மடக்கும் இடத்தில் நூல் சிக்கும், ஊசியால் எடுக்க வேண்டும். தமிழில் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று தட்டி முடிப்பதற்குள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துவிடலாம். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் எழுபது எழுத்துதான் கொள்ளும், ஆங்கிலத்தில் என்றால் நூற்றறுபது. ஆனாலும் தமிழ் கட்டம் கட்டமாக உடையாமல் தெரிகிறது. இங்கே விற்கிற எந்த போனிலும் இந்திய ஆட்சி மொழிகளைப் படிக்க முடிய வேண்டும் என்று ஐஎஸ் 16333 என்ற தரநிலையை அரசு வகுத்திருக்கிறது. அப்படித் தமிழ் படிக்கப் பழக்கிய போனுக்குத்தான் தாங்கள் ஆங்கிலத்தில் மட்டும் எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் போனில் எஸ்எம்எஸ் வைக்க இடம் கொஞ்சம்தான். நிரம்பிவிட்டால் புதிதாக எதுவும் உள்ளே வராது. கேஒய்சிக்காக அந்தத் தங்கை ஓடிபி அனுப்பினார். வரவில்லை. மறுபடி அனுப்பினார். அதுவும் வரவில்லை. "உங்க போன்ல பிரச்சனைண்ணே" என்றார். திறந்து பார்த்தால் செய்திப்பெட்டி நிறைய தங்கள் வங்கிதான்: கடன், கார்டு, தங்கம், காப்பீடு, செயலி. தாங்கள் அனுப்பிய விளம்பரமே தாங்கள் அனுப்பிய ஓடிபியை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து, 'ஆப்ஷன்ஸ்' அமுக்கி, 'டெலிட்' அமுக்கி, 'நிச்சயமாகவா?' என்ற கேள்விக்கு ஆமாம் சொல்லி அழித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கடைசியில் ஓடிபி வந்தது. அதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

விளம்பரத்துக்கு இவ்வளவு தாராளமாக எஸ்எம்எஸ் செலவழிக்கும் தாங்கள், எது முக்கியமோ அதில் கையை இறுக்கிக்கொண்டீர்கள். 500 ரூபாய்க்குக் குறைவாக வரவு வந்தால் இனி எஸ்எம்எஸ் கிடையாது, செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்துவிட்டீர்கள். என் கடை விலைப்பட்டியலைத் தங்கள் முன் வைக்கிறேன். ஜிப் மாற்ற 60. ஓரம் அடிக்க 40. புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 150. சாதா ஜாக்கெட் 200. லைனிங் வைத்தால் 400. ஐந்நூறைத் தாண்டுவது கல்யாண ஜாக்கெட் ஒன்றுதான், அதுவும் முகூர்த்த மாதத்தில்தான். ஆக, தங்கள் கணக்குப்படி நான் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சம்பாதிப்பதே இல்லை.

கடையில் தங்கள் ஆட்களே ஒட்டிவிட்டுப் போன கியூஆர் இருக்கிறது. யாரிடமும் அதில் போட வேண்டாம் என்று சொல்ல முடியாது, இந்தக் காலத்தில் ரொக்கம் யாரிடமும் இல்லை. ஸ்கேன் பண்ணிவிட்டு, "போயிருச்சுண்ணே" என்று போனைத் தூக்கிக் காட்டுவார்கள். பச்சை டிக் தெரியும். நான் தலையாட்டுவேன். அது இன்றைய டிக்கா, போன மாசத்து டிக்கா என்று பார்க்க எனக்கு வழியில்லை. அத்தனை பேரும் நாணயமானவர்கள்தான், ஆனால் வங்கித் தொழில் நாணயத்தை நம்பி நடக்கிறது என்று தாங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். தங்கள் அதிகாரியிடம் முறையிட்டேன். பணம் வந்தால் கத்திச் சொல்லும் ஒலிப்பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார். மாதம் நூற்றுச் சொச்சம் வாடகையாம். இரண்டு ஜிப் மாற்றியதைக் கேட்க இரண்டு ஜிப் மாற்றிய கூலியைக் கொடுக்க வேண்டும். பாஸ்புக் எந்திரத்தில் பதிந்து பார்க்கலாம் என்று வந்தால், அதன் நெற்றியில் 'பழுது' என்று ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளே நைந்து, ஓரம் அடிக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. ஆனால் எஸ்எம்எஸ் கட்டணம் பிடிப்பது மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை தவறுவதில்லை. பிடித்த தொகை 500க்குக் கீழேதான் என்றாலும் அதற்கு எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது.

மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கு எழுதியது. அந்தச் சுற்றறிக்கையில் ஐந்நூறு என்று ஒரு கோடு போட்டிருக்கவில்லை. சாக்குப்பீஸ் தங்கள் கையில்தான் இருந்திருக்கிறது.

இன்னொன்று. என்னைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப யுபிஐ 123பே என்று ஒரு வசதியை 2022 மார்ச் 8ஆம் தேதி ரிசர்வ் வங்கி கவர்னரே தொடங்கி வைத்தார். ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டு, குரல் சொல்கிறபடி எண்களை அமுக்கினால் பணம் போகும். மிஸ்டு கால் கொடுத்தும் செய்யலாம். இணையமே வேண்டாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பை 10,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அதற்கும் முன்பிருந்தே *99# என்று இன்னொரு வழி இருக்கிறது, அதற்கான கட்டணத்தையும் 2022இல் டெலிபோன் ஆணையமான டிராய் எடுத்துவிட்டது. இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜைக் கம்பெனிகள் தந்தே ஆகவேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவும் போட்டது. நாட்டின் மத்திய வங்கிக்கு நான் இருப்பது தெரிகிறது. டெலிபோன் ஆணையத்துக்குத் தெரிகிறது. தங்கள் கிளைக்குத்தான் தெரியவில்லை.

123பே பற்றித் தங்கள் உதவி மேசையில் கேட்டேன். அங்கே இருந்த தம்பி அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை என்றார். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். உள்ளேயும் கேள்விப்பட்டதில்லையாம். நல்ல பிள்ளை, உதவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யூடியூப்ல போட்டுப் பாருங்கண்ணே, தெளிவா சொல்லியிருப்பாங்க" என்றார்.

என் போனில் யூடியூப் வராது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. எத்தனை அதிர்ச்சியைத்தான் ஒரு மனிதர் ஒரே நாளில் தாங்குவார்?

என்னால் தங்கள் வங்கிக்கு ஒரு லாபமும் உண்டு, அதையும் பதிவு செய்ய வேண்டும். போலி லிங்க்கைத் தொடாதீர்கள் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். என்னால் அசல் லிங்க்கையே தொட முடியாது. கேஒய்சி முடிந்துவிட்டது, இந்தச் செயலியை ஏற்றுங்கள் என்று கோப்பு அனுப்பிக் கணக்கைத் துடைக்கிறார்களாமே, என் போன் அந்தக் கோப்பைப் படமாகக்கூடக் காட்டாது. போன ஐப்பசியில் ஒருவர் கூப்பிட்டு, மும்பை போலீஸ் என்றார். என் ஆதாரை வைத்து யாரோ போதைப்பொருள் பார்சல் அனுப்பியிருக்கிறார்களாம். நான் 'டிஜிட்டல் அரெஸ்ட்' ஆகியிருக்கிறேனாம். உடனே வீடியோ காலில் வந்து கேமரா முன்னால் உட்கார வேண்டும், அசையக்கூடாது என்றார். "வீடியோ எல்லாம் இல்லீங்க, மடக்கு போனு. நேர்ல வாங்க, ஏழு மணி வரைக்கும் கடையிலதான் இருப்பேன்" என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. அவரே வைத்துவிட்டார். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். என் போனில் எஃப்எம் வரும், நான் கேட்டேன்.

எனவே ஐயா, தங்களிடம் வேண்டுவது அதிகமில்லை. 60 ரூபாய் வந்தாலும் எனக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதற்கு ஆகிற செலவை, எனக்கு வேண்டாத கடன் விளம்பரத்தில் ஒன்றைக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம். அந்த எஸ்எம்எஸ் தமிழில் இருக்கட்டும், எழுபது எழுத்துக்குள் 'ரூ.60 வரவு' என்பது தாராளமாக அடங்கும். உதவி மேசையில் இருக்கும் தம்பிக்கு 123பே எப்படி என்று யாராவது ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். யூடியூபில் பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும், அவர் போனில் வரும். பாஸ்புக் எந்திரத்தைச் சரிசெய்யுங்கள்.

பதிலைத் தபாலில் அனுப்பலாம், அல்லது கடை எண்ணுக்குக் கூப்பிடலாம். செயலியில் அறிவிப்பாக மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்
(செய்திப்பெட்டி தற்போது காலியாக உள்ளது)

பின்குறிப்பு: இடுப்பைப் பிடிக்கச் சொல்லித் தாங்கள் கொடுத்தனுப்பிய மூன்று பேன்ட்டும் தயார். கூலி 450 ரூபாய். ஐந்நூறுக்குக் கீழே வருகிறது என்பதால், தயவுசெய்து ரொக்கமாகக் கொண்டு வாருங்கள்.