உலைவாய் மூன்று: டாக்குரியாவிலிருந்து ஒரு கரிக்கணக்கு ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பெட்டிக்குள் கல் கிடக்கிறது. நாலடி தள்ளி உலை நிற்கிறது. கல்லை உலையில் போட ஓர் ஆள் வேண்டும்; கரி தீர்ந்தால் போட அதே ஆள் வேண்டும்; வெந்ததை எடுத்து இன்னொரு பெட்டியில் அடுக்கவும் அவரே வரவேண்டும். இந்த ஆளை ஒழிப்பது எப்படி என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட சிக்கல்.

அற்பம் என்று தள்ளுவதற்கில்லை. 2009இல் ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன் வெளியிட்ட ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கட்டங்கட்டமான அந்த உலகத்தில் இரும்பானாலும் கண்ணாடியானாலும் செங்கல்லானாலும் உலையில் வெந்துதான் வரவேண்டும். ஒரு பொருள் வேக 10 வினாடி. 64 பொருள் கொண்ட ஓர் அடுக்கு வேக 10 நிமிடம் 40 வினாடி. அங்கே பகலும் இரவும் சேர்ந்த ஒரு முழு நாளே 20 நிமிடந்தான். ஆகவே ஓர் உலையை நம்பிப் பிழைப்பவர் அரை நாளைக்கொரு தரம் வேலையைப் போட்டுவிட்டு உலைவாய்க்கு ஓடி வருகிறார்.

படுக்கையைப் போட்டுத் தூங்கினால் இரவு சட்டென்று கழிந்துவிடும். ஆனால் உலை அந்தத் தூக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. விடிந்து பார்த்தால் விட்ட இடத்தில்தான் வெந்துகொண்டிருக்கும்.

ஆய்வுக் களம்

தென் கொல்கத்தாவின் டாக்குரியா தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, ஓரிடத்தில் வெட்டி இன்னோரிடத்தை மேடாக்கும் கலை இப்பகுதிக்குப் புதிதல்ல. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் இங்கிருந்த சதுப்புக் காட்டைக் கையகப்படுத்தி, ஏரி வெட்டி, சுற்றுநிலத்தை உயர்த்திச் சமன்செய்யும் வேலையில் இறங்கியது. நெடுங்காலம் ‘டாக்குரியா லேக்’ என்று வழங்கிய அந்த ஏரிதான் 1958 முதல் ரவீந்திர சரோவர். இரண்டாவது, சியால்டா தெற்குப் பிரிவில் பாலிகஞ்சுக்கும் ஜாதவ்பூருக்கும் நடுவே இவ்வூருக்கு ஒரு ரயில் நிலையம் உண்டு. அதன் தேவை பின்னால் விளங்கும். மூன்றாவதே முதன்மையானது. கொல்கத்தாத் தமிழரின் பழைய வட்டாரமான லேக் மார்க்கெட்டிலிருந்து சற்றுத் தள்ளி, டாக்குரியாவின் ஒரு மாடி வீட்டில் தகவலாளிகள் இருவர் கிடைத்தனர். ஒருவர் ஒன்பதாம் வகுப்பு மாணவர். மற்றவர் அவருடைய தாத்தா. வேலைக்காலம் முழுக்க நிலக்கரிக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பெயர் வெளியிட இருவரும் இசையவில்லை.

நூற்பாவும் உரையும்

ஆளை ஒழிக்கும் கருவியின் பெயர் ஹாப்பர். 2013 மார்ச்சில் வந்த 1.5 பதிப்பில் சேர்ந்தது. ஐந்து இரும்புக் கட்டியும் ஒரு பெட்டியும் கொடுத்தால் ஒன்று செய்துகொள்ளலாம். அகன்ற வாய் மேலே. குறுகிய மூக்கு கீழே அல்லது பக்கவாட்டில். தலைக்கு மேல் பெட்டி இருந்தால் அதிலிருந்து உறிஞ்சும். மூக்கு நோக்கும் திசையில் துப்பும்.

இதைப் பொருத்தும் முறைக்கு இலக்கணம் எவரும் செய்யாமையின், தேவை கருதி ஒரு நூற்பா இங்கே புதிதாக யாக்கப்படுகிறது:

மேல்வழி வருவது வேவன, மருங்கின்
பால்வழி வருவது எரிவன, அடியில்
கீழ்வழி வீழ்வன வெந்தன என்ப.

இதன் பொருள்: உலையின் தலைமேல் மூக்கை வைத்த ஹாப்பர் வேகவேண்டிய பொருளைத் தரும், பக்கத்தில் மூக்கை வைத்தது எரிபொருளைத் தரும், உலைக்கு அடியில் கிடக்கும் ஹாப்பர் வெந்ததை வாங்கிக்கொள்ளும் என்றவாறு.

‘மேல்வழி வருவது வேவன’ என்றமையால் வேகாதன வாரா எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளற்க. விளையாட்டின் ஜாவா பதிப்பில் மேல்வாய் எதைப் போட்டாலும் விழுங்கும். கல் வைக்கும் பெட்டியில் கை தவறி ஒரு கரித்துண்டு விழுந்தால் அது உலையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும்; வேகாது, நகராது, பின்னால் வரும் கல்லுக்கு வழியும் விடாது. பக்கவாய் அப்படியன்று, எரிவதை மட்டுமே உள்ளே விடும். இந்த வேறுபாடு அறியாமல் முழு மாலையைத் தொலைத்தவர் பலர்.

ஒழிபு: ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு பொருத்துக. அழுத்தாவிடில் ஹாப்பர் ஒட்டாது. உலையின் கதவு திறந்து முகத்துக்கு நேரே நிற்கும்.

இவ்வளவையும் முதல் தகவலாளி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: “மேல வெச்சா கல்லு, பக்கத்துல வெச்சா கரி, கீழ வெச்சா ரெடி. அவ்ளோதான் தாத்தா.” நூற்பாவைவிட இது சுருக்கம். ஆனால் உரை எழுத இடம் தராத குறை உடையது.

முன்னோடிகள்

உலைக்கு ஊட்டும் சிக்கலை வங்கம் விளையாட்டுக்கு வெகுகாலம் முன்பே சந்தித்திருக்கிறது. 1876இல் வில்லியம் புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த அகழிச் சூளை இன்றும் நாட்டின் பல பகுதிகளில் எரிகிறது. ஹூக்ளிக் கரையில் வரிசையாகத் தெரியும் செங்கல் சூளைப் புகைபோக்கிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் தெரியும். அதில் வினோதம் என்னவென்றால், செங்கல் அடுக்கிய இடத்திலேயே இருக்கும். நெருப்புதான் அகழியைச் சுற்றி நகர்ந்துகொண்டே போகும். மேல்தளத்தில் நிற்கும் ஆள் துளையின் இரும்பு மூடியைத் தூக்கி, கரண்டியால் கரியைத் தூவி, மூடிவிட்டு அடுத்த துளைக்குப் போவார். நெருப்பு நகர நகர அவரும் நகரவேண்டும். மைன்கிராஃப்ட் இதைத் தலைகீழாக்கியது. நெருப்பு நின்ற இடத்தில் நிற்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது.

இன்னொரு முன்னோடி டாக்குரியா வீட்டின் மின்கம்பி வழியாகவே வருகிறது. இவ்வட்டாரத்துக்கு மின்சாரம் கொடுப்பது சி.இ.எஸ்.சி. நிறுவனம். 1899இல் எமாம்பாக் சந்தில் மின்நிலையம் நிறுவித் தொடங்கிய பழைய கம்பெனி. இன்று அதன் முதன்மையான அனல்மின் நிலையம் ஹூக்ளிக் கரையில் உள்ள பஜ்பஜில் இருக்கிறது. 250 மெகாவாட் அலகுகள் மூன்று. இத்தகைய நிலையங்களில் ரயில் வேகனிலிருந்து கொட்டும் கரி முதலில் விழுவது ஹாப்பருக்குள்தான். அங்கிருந்து பட்டை வழியாக ஏறி, சேமிப்புத் தொட்டியில் தங்கி, மாவாக அரைபட்டு, கொதிகலனுக்குள் போகிறது. எரிந்த சாம்பல் அடியில் விழுவதும் ஹாப்பருக்குள்தான். நூற்பாவின் மூன்றாம் அடி பஜ்பஜுக்கும் பொருந்துகிறது. விழுவது விளைபொருள் அல்ல, சாம்பல் என்பதே வேறுபாடு.

புகை பற்றி ஒரு சொல். 1905இலேயே வங்காளப் புகைத்தொல்லைச் சட்டம் கண்ட ஊர் இது. புகைபோக்கி இல்லாமல் படுக்கையறைக்குள் எட்டு உலை வைத்திருக்கும் முதல் தகவலாளி மீது எந்த நடவடிக்கையும் இல்லை.

எத்தனை உலை?

ஹாப்பர் 0.4 வினாடிக்கு ஒரு பொருளைத் தள்ளும்; வினாடிக்கு 2.5. உலையோ 10 வினாடிக்கு ஒன்றைத்தான் சுடும். வகுத்துப் பார்த்தால் ஒரு ஹாப்பரின் ஓட்டத்துக்கு 25 உலை ஈடுகொடுக்கவேண்டும். ஊட்டும் கை வேகமாகத்தான் இருக்கிறது. மெதுவாக இருப்பது வயிறு. இதை உணராமல் கல் வரவில்லையே என்று ஹாப்பர் மேல் ஹாப்பராக அடுக்குவது ஆரம்பநிலை விளையாட்டாளரின் வழக்கம்.

ஆனால் மூக்கு ஒன்று. ஒரு நேரத்தில் அது ஓர் உலையைத்தான் நோக்கும். ஆக, சிக்கல் வேகத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. ஹாப்பர்களைச் சங்கிலியாகக் கோத்து வரிசை உலைகளுக்கு மேலே ஓடவிட்டால், முதலில் நிற்பவை வயிறு நிரம்பிய பிறகே கடைசியில் நிற்பவற்றுக்குக் கல் போய்ச் சேரும். தீர்வு தண்டவாளம். கல் நிரப்பிய வண்டியைத் தண்டவாளத்தில் ஓடவிட்டு, அதற்குக் கீழே உலைக்கொன்றாக ஹாப்பர் வைத்துவிட்டால், வண்டி கடக்கும்போது ஒவ்வொன்றும் தன் பங்கை இறக்கிக்கொள்ளும். சியால்டாவில் நிரம்பிப் புறப்படும் தெற்கு லோக்கல் பார்க் சர்க்கஸ், பாலிகஞ்சு, டாக்குரியா, ஜாதவ்பூர் என்று நிலையத்துக்குச் சிலராக இறக்கிவிட்டுப் போவது போல. லோக்கலில் இறங்க முடியாமல் அடுத்த நிலையம் வரை போகிறவர்கள் உண்டு. வண்டி வேகமாகப் போனால் கல்லுக்கும் அதே கதி.

முதல் தகவலாளி எட்டு உலையில் நிறுத்திக்கொண்டார். உலைக்கு மூன்று ஹாப்பர் வீதம் 24. இரும்புக் கட்டி 120. அந்த இரும்பையும் உலையில் உருக்கித்தான் ஆகவேண்டும். ஓர் உலையில் என்றால் சரியாக 20 நிமிடம், அதாவது ஒரு முழு நாள். உலைவாயில் நிற்காமல் இருப்பதற்காக முதலில் ஒரு நாள் உலைவாயில் நிற்கவேண்டியிருந்தது.

தணிக்கை

இரண்டாம் தகவலாளி ஆய்வுக்குள் வந்தது இந்தக் கட்டத்தில்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேரனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கணக்கு வழக்கு எங்கே என்பது முதல் கேள்வி.

இரட்டைப் பெட்டியில் 54 அறை; அறைக்கு 64 வீதம் 3,456 கல். ஒரு கரி எட்டுப் பொருளைச் சுடும். ஆகவே 432 கரி. ஓர் உலையில் சுட்டால் 9 மணி 36 நிமிடம். எட்டு உலைக்குப் பிரித்தால் உலைக்கு 432 கல், 72 நிமிடம். இதுவரை தடையில்லை.

தடை கரிக்கட்டையில் வந்தது. ஒன்பது கரியைச் சேர்த்து ஒரு கட்டை செய்யலாம். தனித்தனியாக ஒன்பது கரி 72 பொருளைச் சுடும். கட்டையாக எரித்தால் 80 சுடும்.

“ஒன்பதைச் சேத்துக் கட்டினா எட்டுக் கல்லு கூட எப்படிடா வேகும்? எந்தக் கணக்குல வருது இது?”

“கேம்ல அப்படித்தான் தாத்தா.”

“அப்படித்தான்னா? ரசீது வேண்டாமா?”

ரசீது இல்லாத லாபத்தைத் தாத்தா விடாமல் துரத்தினார். ஒற்றை உலையில் 3,456 கல்லுக்கு 43.2 கட்டை, முழுக் கட்டையாக எடுத்தால் 44, கரியாக 396. மிச்சம் 36 கரி. சரி. எட்டு உலையில்? உலைக்கு 432 கல், 5.4 கட்டை, முழுக் கட்டையாக ஆறு. எட்டு உலைக்கு 48 கட்டை. ஒன்பதால் பெருக்க, 432 கரி. சில்லறைக் கரி போட்டிருந்தாலும் அதே 432தான். ஒவ்வோர் உலையிலும் ஆறாவது கட்டை மூட்டிவிட்டுக் கல் தீர்ந்துபோய் வெறுமனே எரிந்து அடங்குவதால், கட்டை கட்டியதன் லாபம் கடைசிக் கரி வரை கரைந்துவிட்டது. விளையாட்டாளர் கண்ணில் படாத இந்த ஒழுக்கைத் தாத்தா பென்சிலால் அடிக்கோடிட்டார்.

அடுத்தது மின்சாரம். ஆளை ஒழித்தாலும் ஆள் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்பது இந்த உலகத்தின் விதி. விளையாட்டாளர் தொலைவாகப் போய்விட்டால் அந்தப் பகுதி உறைந்துபோகும். ஹாப்பரும் நிற்கும், உலையும் நிற்கும். தனியாள் ஆட்டத்தில் எஸ்கேப் விசையைத் தட்டினால் உலகமே நிற்கும். ஆகவே கல் வேகும் வரை கணினி விழித்திருக்கவேண்டும். 100 வாட் எடுக்கும் கணினி என்று வைத்துக்கொண்டால், ஒற்றை உலையின் 9 மணி 36 நிமிடத்துக்கு 0.96 யூனிட். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு இந்தியக் கரி ஏறத்தாழ 600 முதல் 700 கிராம். இல்லாத கரி 432ஐ எரிக்க, இருக்கும் கரி அறுநூறு கிராம் போல எரிகிறது. எட்டு உலையானால் 0.12 யூனிட், 80 கிராம் அளவில் முடிந்துவிடும். தானியங்கி உலையின் உண்மையான சிக்கனம் விளையாட்டுக்குள் இல்லை, பஜ்பஜில் இருக்கிறது.

எதிர்வாதங்கள்

உலையிலிருந்து கையால் எடுத்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். ஹாப்பர் எடுத்தால் கிடைக்காதே என்பர் ஒருசாரார். அப்புள்ளிகள் தொலைவதில்லை, உலைக்குள் சேர்ந்துகொண்டே இருந்து, பின்னொரு நாள் யாராவது ஒரு கல்லைக் கையால் எடுத்தால் மொத்தமாக வந்து விழும். தாத்தாவின் மொழியில் இது வருங்கால வைப்புநிதி.

2025 செப்டம்பர் பதிப்பில் வந்த செப்புப் பொம்மை ஹாப்பரை விஞ்சிவிட்டது என்பர் மற்றொருசாரார். அது செப்புப் பெட்டியிலிருந்து பொருளை எடுத்து, அதே இனப் பொருள் இருக்கும் பெட்டியைத் தேடிப்போய் வைக்கும். பெட்டிக்கும் பெட்டிக்கும்தான், உலைப்பக்கம் திரும்பாது. தவிர, நாளடைவில் களிம்பேறி, நின்ற இடத்தில் சிலையாகிவிடும். சிலைகளுக்குக் குறைவில்லாத கொல்கத்தாவில் இது ஒரு குறையாகக் கருதப்படாமல் போகலாம். ஆயினும் உலைக்கு உதவாது.

ஆய்வு முடிவு

ஒழிக்கப்பட்ட ஆள் எங்கே போனார் என்று தேடியதில், அவர் சுரங்கத்தில் அகப்பட்டார். ஹாப்பர் கல்லைத் தள்ளும், கரியைத் தள்ளும், வெந்ததை வாங்கும், கரியை வெட்டாது. எட்டு உலை வந்தபின் முதல் தகவலாளி உலைவாய்க்கு ஓடுவதில்லை. முன்னைவிட எட்டு மடங்கு வேகத்தில் தீரும் கரிக்காகப் பூமிக்கடியில் குந்தாலியோடு இருக்கிறார்.

மேலாய்வுக்குரியன

1. மூங்கில் ஒன்று கால் பொருளைச் சுடும். 3,456 கல்லுக்கு 13,824 மூங்கில். தானாக வளர்ந்து தானாக வெட்டுப்படும் தோப்பு அமைத்தால் சுரங்க ஆளையும் ஒழிக்கலாமா, அவர் தோப்புக் காவலுக்குப் போவாரா?

2. எரிமலைக் குழம்பு ஒரு வாளி 100 பொருளைச் சுடும். காலி வாளியை அடியிலுள்ள ஹாப்பர் வெந்த கல்லோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அந்த வாளியை வரவில் எழுதுவதா, இருப்பில் எழுதுவதா?

3. 432 கரியை வெட்டியவருக்குக் கூலி யார் கொடுத்தது என்று தாத்தா எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். ‘நான்தான் வெட்டினேன், சும்மாதான்’ என்ற பதில் ஏற்கப்படவில்லை. கோப்பு நிலுவையில் உள்ளது.