வாக்களிக்கக் கற்றுக்கொண்டோம், அடுத்த பாடம் எப்போது?

அனுப்புநர்:
ஒரு வாக்காளர்,
26. வேளச்சேரி சட்டமன்றத் தொகுதி,
3. தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதி.

பெறுநர்:
இந்தியத் தேர்தல் ஆணையம்,
நிர்வாச்சன் சதன், அசோகா சாலை, புது தில்லி.

பொருள்: குடிமையியல் – வாக்களிப்பது வரை தேறியமை – மேற்படிப்பு கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பேரணிகள், குறும்படங்கள், கோலப்போட்டிகள்.

ஐயா,

முதலில் நன்றி. 2009-இல் வாக்காளர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து எங்களைப் படிக்கவைக்க நீங்கள் படாத பாடில்லை. மனிதச் சங்கிலியில் நிறுத்தினீர்கள். ஓட்டப் பந்தயம் விட்டீர்கள். காஸ் சிலிண்டரில் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். 2011 முதல் ஜனவரி 25-ஐ தேசிய வாக்காளர் நாளாக்கி உறுதிமொழி எடுக்கவைக்கிறீர்கள். பலனும் இருக்கிறது. எந்த விரலில் மை, எந்தப் பொத்தான், விவிபாட் கண்ணாடிக்குள் சீட்டு எத்தனை விநாடி தெரியும் என்பதெல்லாம் எங்கள் தெருப் பொடிசுகளுக்கும் அத்துப்படி. ஏழு விநாடி.

எட்டாவது விநாடியிலிருந்து ஐந்து ஆண்டுக்கு என்ன நடக்கிறது என்று பாடம் எடுக்கத்தான் ஆளில்லை.

செய்முறைப் பயிற்சியில் நீங்கள் குறை வைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு முடிந்த கையோடு வாக்குப்பதிவுக் கருவிகள் எங்கள் பகுதியில் இருசக்கர வாகனத்தில் கிளம்பின. இங்கே வண்டியில் கட்டில் போகும், பீரோ போகும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதை மட்டும் மடக்கிவிட்டார்கள். அதிலிருந்த விவிபாட் அன்றைய வாக்குப்பதிவில் சிறிது நேரம் பயன்பட்டது என்று தெரியவர, 92-ஆம் எண் சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு வைத்தீர்கள். ஆண்களுக்கான சாவடி, 548 வாக்காளர்கள். பாதிப் பேர்கூட வரவில்லை. ஒரே தேர்வை இரண்டு தடவை எழுதச் சொன்னால் எந்த மாணவன் வருவான்?

கணக்குப் பாடம் 2024 ஏப்ரல் 19-இல். அன்று மாலை தென்சென்னையில் 67 சதவீதத்துக்கு மேல் பதிவானதாக அறிவித்தார்கள். மறுநாளுக்குள் அது 54 ஆனது. சில சாவடிகளிலிருந்து செயலியில் வந்த எண்ணிக்கையை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்காம். நாங்கள்தான் தவறாக நினைத்துவிட்டோம், 13 சதவீதம் பேர் போட்ட ஓட்டை இரவோடு இரவாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்களோ என்று.

2025 நவம்பரில் வரலாற்றுப் பாடம். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தப் படிவம் வீட்டுக்கே வந்தது. முந்தைய தீவிரத் திருத்தத்தில் நீங்களோ உங்கள் பெற்றோரோ எந்தத் தொகுதி, எந்தப் பாகம், என்ன வரிசை எண்? அந்தப் பட்டியல் 2002, 2005 காலத்தது. வேளச்சேரித் தொகுதி பிறந்ததோ 2008 மறுவரையறையில். முதல் தேர்தலே 2011-இல்தான் பார்த்தது. அதற்கு முன் இந்தத் தெரு எந்தத் தொகுதியில் இருந்தது என்று மாடிப்படியில் ஒரு பட்டிமன்றமே நடந்தது.

அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி, படிவம் கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டார்: "இவ்வளவு கேக்கறியேம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர்னு மூணு பேருக்கும் ஓட்டுப் போட்டிருக்கேன். தெருவுல தண்ணி நின்னா இதுல யாரைப் பிடிக்கணும்?" அந்தப் பெண் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை. "இங்க கையெழுத்து மட்டும் போடுங்க பாட்டி" என்றார். பாவம், அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை வீடோ.

பாட்டியின் கேள்விக்கு விடை தேடினோம். ஏரி நீர்வளத் துறையுடையது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதே தெருவில் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. புறவழிச்சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. தண்ணீர் போய்ச் சேரவேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வனத்துறையிடம், 2022 முதல் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. 2007-இல் இங்கே வந்த பறக்கும் ரயில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவழித்துக் கட்டியது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள். தண்ணீர் அதைப் படிக்கவில்லை.

ஆகவே கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை வந்ததும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். நாடாளுமன்றத்துக்கு மாநிலங்களவை உண்டு. தமிழ்நாட்டின் மேலவையை 1986-இல் கலைத்துவிட்டார்கள். எங்களுக்கு மேம்பாலம் இருக்கிறது.

வடிகால் என்றால் கவுன்சிலரைப் பிடிக்க வேண்டும், சரி. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி தேர்தல் வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. அது எங்கள் வேலையல்ல, மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை என்பீர்கள். தேர்தல் ஆணையம் இரண்டு என்பதே எங்களில் பலருக்கு அந்த ஐந்து வருடத்தில்தான் தெரிந்தது.

மற்ற இருவர் விஷயமும் சொல்லித்தரப்படவில்லை. எங்கள் எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மதிப்பு 176. அதுவும் 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. எம்.பி.யின் கதை இன்னும் சுவையானது. எந்தத் தாக்கத்துக்கும் ஆளாகாமல் வாக்களிப்போம் என்று எங்களிடம் உறுதிமொழி வாங்குகிறீர்கள். அப்படி நாங்கள் தேர்ந்தெடுத்தவர் கொறடா உத்தரவை மீறித் தன் மனசாட்சிப்படி அவையில் வாக்களித்தால், 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகலாம். அந்த உறுதிமொழியை யாரிடம் வாங்கியிருக்க வேண்டும்?

இந்தக் குழப்பம் வேட்பாளர்களுக்கு வெல்லக்கட்டி. நாடாளுமன்றத் தேர்தலில் சாக்கடை அடைப்பை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், வார்டு தேர்தலில் பிரதமரைத் திட்டுகிறார்கள். எந்தப் பதவிக்கு எது வேலை என்று தெரியாத வாக்காளரிடம் எதையும் வாக்குறுதியாக விற்கலாம். விற்றதைத் தராவிட்டாலும் திருப்பிக் கேட்க வருபவர் தவறான கதவைத்தான் தட்டுவார்.

எனவே இரண்டு கோரிக்கைகள். வேட்புமனுவோடு படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் கேட்கிறீர்கள். அதில் ஒரு கேள்வி கூடுதலாக வேண்டும்: 'நீங்கள் போட்டியிடும் பதவியின் பணிகளில் ஐந்து எழுதுக.' விடைகளைச் சாவடி வாசலில் ஒட்டுங்கள். வாக்காளர் தகவல் சீட்டிலும் மூன்று வரிக்கு இடம் ஒதுக்கி, எம்.பி. எதற்கு, எம்.எல்.ஏ. எதற்கு, கவுன்சிலர் எதற்கு என்று அச்சிடுங்கள். அடுத்த கோலப்போட்டிக்கு ஆகும் கோலப்பொடிச் செலவில் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
பாக எண், வரிசை எண் இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய வாக்காளர்.

நகல்: மாநிலத் தேர்தல் ஆணையம், சென்னை. (தாங்கள் அங்கே கேட்கச் சொல்வீர்கள் என்பதால்.)