கைவிட மாட்டார்களே?

கேள்வி: எங்கள் கடையின் கணக்கு, ஆர்டர் எல்லாவற்றுக்கும் ஜோஹோ கிரியேட்டரில் ஒரு செயலி கட்டலாமா? நாளைக்கு கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டால்?
– வாசகர், பொழிச்சலூர்

பதில்: மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல விசாரிக்கிறீர்கள். சரியான காரியம்!

பெரிய இடம் என்பதால் கருவிக்கு ஆயுசு கெட்டி என்று நம்பிவிட முடியாது. கூகுள் 2016-இல் அறிவித்த ஆப் மேக்கரை 2021 ஜனவரியில் மூடியது. அதில் செயலி கட்டியவர்கள் வேறோர் இடத்தில் முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. இணையச் செயலிகள் கட்ட உதவிய மைக்ரோசாஃப்ட்டின் சில்வர்லைட் 2007-இல் பிறந்தது; அதற்கான ஆதரவு 2021 அக்டோபரில் முடிந்தது.

ஜோஹோ உங்களுக்கு அசலூர் இல்லை, கூடுவாஞ்சேரி பக்கம்தான். 1996-இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி, 2009-இல் பெயர் மாறியது. கிரியேட்டர் 2006 முதல் இன்றுவரை ஓடுகிறது. பங்குச்சந்தைக்குப் போகாத நிறுவனம் என்பதால், காலாண்டு லாபத்தைக் காட்டுவதற்காக ஒரு கருவியை வெட்டும் நெருக்கடி குறைவு. இது பெரிய பலம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தரவைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால், கிரியேட்டரின் டெல்யூஜ் மொழியில் எழுதிய நிரலை வேறு கம்பெனியின் தளத்துக்குத் தூக்கிப்போய் ஓட்ட முடியாது.

தாராளமாகக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை தரவை இறக்கி வையுங்கள். தள்ளுபடி, கடன், வரி என்று செயலிக்குள் வைத்த ஒவ்வொரு விதியையும் தமிழிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; எந்தக் கருவிக்கு மாறினாலும் புதிதாக நிரல் எழுதுபவருக்கு அந்த நோட்டுதான் முதலில் தேவைப்படும்.